சிவப்பு லைட் எரிந்தவுடன் பெட்டரியை மாற்றாதீர்கள்



விடுமுறை வருகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் எங்கள் ஆட்கள் பலர் வான் பிடித்து மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, மன்னார், நுவரெலியா என்று புறப்படுவார்கள். அதற்கு முன் இதை எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பேசிக்கொண்டோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணையில் எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் வாப்பா காத்தான்குடியில் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பகல் இரண்டாம் இடைவேளையின்போது செய்தி வந்தது. மகள் கொழும்பிலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக மறுநாள் ஸுபஹுக்குப் பிறகுதான் நல்லடக்கம் என்று வீட்டில் முடிவெடுத்திருந்தார்கள். டீச்சரைத் தனியே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. எட்டுப் பேர் சேர்ந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு டொல்பின் வானை ஹயருக்குப் பிடித்து, வெள்ளவத்தையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, ஊரை விட்டு வெளியேறும்போது மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது.

குருநாகலில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டு ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் டாஷ்போர்டில் பெட்டரிப் படம் போட்ட சிவப்பு லைட் மங்கலாக எரியத் தொடங்கியது. முழுதாக எரியவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். முன் சீட்டில் இருந்தவர் கேட்டார். ட்ரைவர் நானா சிரித்துக்கொண்டே சொன்னார்: "பயப்பட வாணம் ஸேர். பெட்டரி புதுசு. போன கெழம தான் போட்ட. இந்த லைட்டு அப்பயும் எரிஞ்ச. ஸ்பீட் எடுத்தா நிண்டுடும்."

இந்த ஒரு பதிலில் எத்தனை பிழை இருக்கிறது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏறியிருந்தவர்களில் இரண்டு பேர் விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள்.

தம்புள்ளையைத் தாண்டினோம். ஏசி ஓடுகிறது, பின்னால் இரண்டு ஃபோன் சார்ஜில் இருக்கிறது, டீச்சர் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருக்கிறார். ஹபரணைச் சந்தியில் மட்டக்களப்புப் பாதைக்குத் திரும்பி, மின்னேரியா பக்கமாகச் சில கிலோமீற்றர் போனபோதுதான் முன்னால் விழும் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டதைக் கவனித்தோம். அந்தப் பாதையை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டு பக்கமும் காடு. பகலிலேயே யானை நிற்கும். ஹோர்ன் அடித்தார், தொண்டை கட்டிய ஆளின் குரல் மாதிரி வந்தது. அடுத்த வளைவில் பாதையோரமாக ஒன்று நின்றது. நல்ல வெளிச்சம் இருந்திருந்தால் ஐம்பது மீற்றருக்கு முன்பே கண்டிருப்போம். கிட்டத்தட்ட பக்கத்தில் போன பிறகுதான் அது மரமல்ல என்று புரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே ஒரு விவாதம் நடந்தது. மெதுவாக பொலன்னறுவை வரை போய்விடலாம் என்றார் ஒருவர். இங்கேயே ஓரமாக நிறுத்தி யாரையாவது கூப்பிடுவோம் என்றார் இன்னொருவர். எங்கள் கணித டீச்சர் மட்டும் பின் சீட்டிலிருந்து கேட்ட கேள்வி: "பெட்டரி எத்தனை அம்பியர்? ஏசி எவ்வளவு இழுக்கும்?" அந்த நேரத்தில் சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது. உண்மையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் 55 வொட் படி 110 வொட். 12 வோல்டுக்கு அது ஒன்பது அம்பியருக்குக் கொஞ்சம் மேல். முன்னும் பின்னும் ஏசி காற்றாடிகள், ஏசி கிளச், பின் லைட்டுகள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் பதினெட்டு. மொத்தம் 27 என்று வையுங்கள். 70 அம்பியர்-மணி பெட்டரி புதிதாக, நிறைந்து இருந்தால்கூட இரண்டரை மணித்தியாலத்தில் காலி. நாங்கள் அந்தச் சிவப்பு லைட்டோடு ஓடத் தொடங்கி அதற்குக் கிட்டத்தட்ட நேரமாகிவிட்டது. ஆனால் ஏசியையும் சார்ஜர்களையும் நிறுத்தினால் செலவு மூன்றில் ஒன்றாகிவிடும். மீதியிருப்பது ஹபரணைக்குத் திரும்பப் போதும், பொலன்னறுவைக்குப் போதுமா என்பது சந்தேகம். எல்லாவற்றையும் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, வானைத் திருப்பினோம். என்ஜினை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஸ்டார்ட் எடுக்காது என்று ட்ரைவர் நானாவுக்குத் தெரிந்திருந்தது. அது அவர் சரியாகச் செய்த விஷயம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய டீசல் வான் என்பதால்தான் நாங்கள் தப்பினோம். அந்த என்ஜின் ஓடுவதற்கு மின்சாரம் அவ்வளவாகத் தேவையில்லை. டீசலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சின்ன வால்வுக்கு மட்டும் போதும். பெற்றோல் கார் என்றால் எரிபொருள் பம்ப், ப்ளக், கொம்பியூட்டர் எல்லாம் அதே பெட்டரியிலிருந்து இழுக்கும். வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் என்ஜின் நின்றுவிடும், அது காட்டுக்கு நடுவில் என்றாலும்தான்.

ஹபரணைச் சந்திக்குப் பக்கத்தில் லொறிகளுக்காக இரவிலும் திறந்திருந்த ஒரு டயர் கடை. அங்கே இருபது, இருபத்திரண்டு வயதுச் சிங்களத் தம்பி ஒருவர். வானை முன்னால் நிறுத்தியதும் ட்ரைவர் நானா இறங்கி, பெட்டரி டேர்மினலில் கை வைத்தார். என்ஜின் ஓடும்போது டேர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. என்ஜின் நின்றால் டைனமோ பழுது, நிற்காவிட்டால் டைனமோ நல்லது. இந்தப் பரிசோதனையை நாங்கள் எல்லோரும் சிறு வயதிலிருந்து கண்டிருக்கிறோம். அந்தத் தம்பி கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "எபா அய்யே, எபா!"

ஏன் வேண்டாம் என்பதை அவர் சிங்களத்தில் விளக்கியதை எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். வண்டிகளில் மின்சாரம் தயாரிக்கும் இயந்திரத்தை நாம் இன்னும் டைனமோ என்கிறோம். உண்மையில் 1960களிலிருந்து கார்களில் டைனமோவின் இடத்தை ஒல்டனேட்டர் பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் ஒல்டனேட்டரிலிருந்து பெட்டரியைத் திடீரென்று பிரித்தால் வோல்ட் ஒரு கணம் எகிறும். அந்த எகிறல் ஒல்டனேட்டருக்குள் இருக்கும் டயோட்டுகளையும், வண்டியில் கொம்பியூட்டர் இருந்தால் அதையும் சாகடிக்கும். நல்ல ஒல்டனேட்டர் அந்தப் பரிசோதனையாலேயே பழுதாகலாம். பிறகு "பார்த்தீங்களா, சொன்னேனே" என்று புதிதாக ஒன்று வாங்க வைப்பார்கள்.

இதை யோசிக்கும்போது எங்களுக்கு ஒரு விஷயம் விளங்கியது. இந்த நாட்டில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் ஓடிய காலம் ஒன்று இருந்தது. வெள்ளவத்தையின் குறுக்கு ஒழுங்கைகளில் இன்றும் ஒன்றிரண்டு கவர் போட்டு நிற்கின்றன. அவற்றில் இருந்தது நிஜமான டைனமோ. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது சார்ஜ் பண்ணாது. சந்தியில் நிற்கும்போது சிவப்பு லைட் எரிவது அந்த வண்டிகளில் சாதாரணம், வேகம் எடுத்தால் அணைந்துவிடும். "ஸ்பீட் எடுத்தா நிண்டுடும்" என்ற வசனம் அங்கிருந்து வந்தது. டேர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கமும் அந்தக் காலத்தது. கெட்டுப்போக அந்த வண்டிகளில் கொம்பியூட்டர் இருக்கவில்லை. வாப்பா மகனுக்கும், பாஸ் கோலயாவுக்கும் சொல்லிக் கொடுத்து, வண்டி மாறிய பிறகும் பாடம் மாறாமல் இருக்கிறது. ட்ரைவர் நானா பொய் சொல்லவில்லை. அறுபது வருடத்துக்கு முந்திய உண்மையைச் சொன்னார்.

சரி, அந்தத் தம்பி என்ன செய்தார்? மேசை லாச்சியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மல்டிமீற்றரை எடுத்தார். இரண்டு வயர், ஒரு திருகு சுவிட்ச், அவ்வளவுதான். டிசி 20 வோல்டில் வைத்து, சிவப்பை பெட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தார். என்ஜின் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. 11.8.

ட்ரைவர் நானா தலையில் கை வைத்தார். "டைனமோ போய்ட்டு. இனி பொலன்னறுவயில தான் தேடணும்." இரவு பத்தரை மணி. யார் கடை திறந்து வைத்திருப்பார்? டீச்சர் வானுக்குள்ளேயே இருந்தார். அவர் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

தம்பி இன்னும் முடிக்கவில்லை. கறுப்பு வயரை பெட்டரி மைனஸிலேயே விட்டுவிட்டு, சிவப்பு வயரைக் கொண்டுபோய் ஒல்டனேட்டரின் பின்னால், தடித்த வயர் பூட்டியிருக்கும் ஆணியில் தொட்டார். 14.4.

அதே வான், அதே என்ஜின், அதே நிமிடம். ஒல்டனேட்டரில் 14.4, அங்கிருந்து ஒரு முழ நீளம் தள்ளியிருக்கும் பெட்டரியில் 11.8. இடையில் 2.6 வோல்ட் எங்கே போனது? விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒவ்வொரு வருடமும் பத்தாம் ஆண்டுக்கு நாங்கள் கரும்பலகையில் எழுதும் பாடம் இது. தடை இருக்கும் இடத்தில் அழுத்த வித்தியாசம் விழும். வோல்ற்றுமானியை எந்த இரண்டு புள்ளிகளுக்கிடையில் வைக்க வேண்டும் என்று எத்தனை வினாத்தாள் திருத்தியிருப்போம். பரடே 1831இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலைச் சுருளும் காந்தமும் வரைந்து விளக்கியிருக்கிறோம். அதே சுருளும் காந்தமும் எங்கள் காலடியில் குருநாகலிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது, எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

தம்பி சிவப்பு வயரை அந்தத் தடித்த வயர் நெடுகிலும் மெல்ல நகர்த்தி நகர்த்தித் தொட்டார். ஒல்டனேட்டர் ஆணியில் 14.4, அதன் மேல் பூட்டியிருந்த வளையத்துக்கு அப்பால் உடனே 11.9. வளையம் கறுத்துப் போயிருந்தது. நட்டு கையால் சுழன்றது. நட்டு தளர்ந்ததால் சரியாகத் தொடாமல் சூடாகி, சூடானதால் கருகி, கருகியதால் தடை இன்னும் கூடி, அதனால் இன்னும் சூடாகி வந்திருக்கிறது. மங்கலான சிவப்பு லைட்டின் கதையும் அதுதான். அந்த லைட்டின் ஒரு பக்கம் ஒல்டனேட்டரோடும் மறு பக்கம் பெட்டரியோடும் தொடர்புபட்டது. இரண்டு பக்கமும் சம வோல்ட் இருந்தால் எரியாது. வித்தியாசம் கொஞ்சம் இருந்தால் கொஞ்சமாக எரியும். அந்த மங்கல் வெளிச்சம் குருநாகலிலிருந்தே எங்களிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டு வந்தது.

முதலில் என்ஜினை நிறுத்தி, பெட்டரியின் மைனஸைக் கழற்றினார். அந்தத் தடித்த வயர் நேராக பெட்டரியிலிருந்து வருவது, என்ஜின் நின்றாலும் அதில் மின்சாரம் இருக்கும். மைனஸைக் கழற்றாமல் ஸ்பானர் போட்டால், ஸ்பானர் பாடியில் பட்ட இடத்தில் நெருப்புப் பறக்கும். கருகிய வளையத்தை வெட்டி, வயரைச் சுரண்டி, புதிய வளையம் அடித்து, ஆணியை மண்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினார். இருபது நிமிடம்.

பிறகு ஸ்டார்ட் எடுக்கவில்லை, பெட்டரியில் அவ்வளவு மிச்சமில்லை. பக்கத்தில் நின்ற பெரிய லொறிக்காரர் நல்ல மனதோடு வயர் கொடுக்க வந்தார். தம்பி அதையும் தடுத்தார். பெரிய லொறிகள் 24 வோல்ட், எங்கள் வான் 12. அதில் கொடுத்திருந்தால் அன்றிரவு வேறு கதை. கடைக்குச் சொந்தமான பட்டா லொறியைக் கொண்டுவந்து அதிலிருந்து கொடுத்தார். வான் பிடித்தது. மீற்றரை பெட்டரியில் வைத்தோம். இந்த முறை வாசித்தது எங்கள் கணித டீச்சர்: "14.1." ஹெட்லைட் வெள்ளையாக எதிர் மதிலில் விழுந்தது.

ஒரு வளையமும் கூலியும் சேர்த்து அவர் கேட்ட பணம் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. கூடுதலாகக் கொடுத்தோம், பாதியைத் திருப்பித் தந்தார். மரண வீட்டுக்குப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பஹன் சாம்பிராணிக் கடவுச் சீட்டு எதுவும் கேட்காத மனிதர்கள் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அதிகாலை மூன்று மணி தாண்டி காத்தான்குடிக்குள் நுழைந்தோம். டீச்சர் வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

இனி நாம் சொல்ல வந்த விஷயம்.

போன வாரம் இதே சிவப்பு லைட்டுக்காகக் கொழும்பில் ஒரு கராஜில் இந்த வானுக்குப் புது பெட்டரி போட்டிருக்கிறார்கள். கராஜின் பெயர் நமக்குத் தேவையில்லை, பத்தில் எட்டு இடத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள். அளந்து பார்க்கவில்லை. அதற்கும் லைட் அணையாதபோது அடுத்து ஒல்டனேட்டரை மாற்றியிருப்பார்கள். மாற்றும்போது எப்படியும் அந்த நட்டைப் புதிதாக இறுக்குவார்கள், லைட் அணைந்திருக்கும், "ஒல்டனேட்டர்தான் பழுது" என்று எல்லோரும் நம்பியிருப்போம். ஒரு வளையத்துக்காக ஒரு பெட்டரியும் ஒரு ஒல்டனேட்டரும். பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒல்டனேட்டர் தேடி அலைந்தவர்களுக்கு அதன் விலை தெரியும்.

இந்தப் பழக்கம் 2022க்குப் பிறகு கூடியிருக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம். எரிபொருள் வரிசைக் காலத்தில் வண்டிகள் வாரக் கணக்கில் நின்றன, பெட்டரிகள் நிஜமாகவே செத்தன, எல்லோரும் பெட்டரி மாற்றினோம். அன்றிலிருந்து என்ன கோளாறு என்றாலும் பெட்டரி மேல் பழி. இன்னொரு பக்கம், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது 2025இல். அந்த இடைவெளியில் நம் தெருவில் ஓடிய ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து வயது கூடியது. வயர்கள், வளையங்கள், பெல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். புது வண்டி வாங்கும் வசதி நம்மில் அதிகம் பேருக்கு இன்றும் இல்லை. பழைய வண்டியோடுதான் வாழப் போகிறோம் என்றால் பழைய வண்டியை அளக்கவாவது தெரிய வேண்டாமா?

"ஹயருக்குக் காசு கொடுக்கிறோம், அது ட்ரைவரின் வேலை" என்று சிலர் சொல்வார்கள். ஹயர் வான் ட்ரைவர் பெரும்பாலும் வானின் சொந்தக்காரர் அல்ல. பழுது என்றால் ஓனரிடம் திட்டு வாங்குபவர் அவர், திருத்தப் பணம் கொடுப்பவர் ஓனர். இரண்டுக்கும் நடுவில் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருக்கும். வானுக்குள் இருப்பது நம் உம்மாவும் பிள்ளைகளும்.

ஒரு மல்டிமீற்றரின் விலை நாம் கல்யாண வீட்டில் வைக்கும் ஒரு சவன் சாப்பாட்டின் விலைகூட வராது. பயணத்துக்கு முந்திய நாள் காலையில், வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, ஸ்டார்ட் எடுக்காமல் பெட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6க்குப் பக்கத்தில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் பயணத்தை யோசியுங்கள். பிறகு ஸ்டார்ட் எடுத்து, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு மறுபடி பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் ஒல்டனேட்டர் வேலை செய்கிறது, வயரும் நல்லது, பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படலாம். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் போகவில்லை. 15ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி பெட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை வாடை வரும், அப்போது அதன் பக்கத்தில் சிகரெட்டோடு போகாதீர்கள். சில புதிய வண்டிகளில் கொம்பியூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் லைட் போடாமல் அளந்தால் 13க்குக் கீழே காட்டி உங்களைப் பயமுறுத்தலாம், அதற்காகத்தான் ஹெட்லைட்டைப் போடச் சொல்கிறோம்.

சார்ஜ் குறைவாக இருந்தால், தம்பி செய்ததுபோல் ஒல்டனேட்டர் ஆணியில் ஒரு முறை, பெட்டரியில் ஒரு முறை. இரண்டுக்கும் அரை வோல்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் வயரைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு ஃபியூஸ், பிறகுதான் ஒல்டனேட்டர். அப்போதும் முழுதாக வாங்க அவசரப்படாதீர்கள். பல நேரங்களில் தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் கார்பன் ப்ரஷ் மட்டுமே. நல்ல வயரிங் பாஸ் அதை மட்டும் மாற்றித் தருவார். என்ஜின் ஓடும்போது கை விடுபவர்கள் சேலையையும் ஷோலையும் அபாயா கையையும் பெல்ட்டிலிருந்து தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் எடுக்கும் முன், அந்தச் சிவப்பு லைட் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். அப்படி இருந்தால் சார்ஜ் நின்றாலும் உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

டீசல் வான்காரர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். டொல்பின் மாதிரிப் பல டீசல் வான்களில் ப்ரேக்குக்கு உதவும் வெக்கும் பம்ப் ஒல்டனேட்டரின் பின்பக்கத்திலேயே பூட்டியிருக்கிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, ப்ரேக்கும் கல்லாகும். சில வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றும், என்ஜின் கொதித்துவிடும். சிவப்பு லைட்டோடு சூடு முள்ளும் ஏறினால் அல்லது ப்ரேக் இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஜனாஸா என்றாலும் சரி. மஹியங்கனையின் பதினெட்டு வளைவில் வெக்கும் இல்லாமல் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அக்வா, ப்ரியஸ் வைத்திருப்பவர்கள் "எங்களுடையது ஹைப்ரிட்" என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அவற்றில் ஒல்டனேட்டரே கிடையாது. பெரிய பெட்டரியிலிருந்து ஒரு கன்வேர்ட்டர் சின்ன 12 வோல்ட் பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிறது. அந்தச் சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் கார் எழும்பாது. அளக்கும் முறை அதேதான், 12 வோல்டில் மட்டும். செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்காதீர்கள், அது உயிர்க் கொல்லி.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. நம் பெற்றோர் எத்தனை பேர் விருப்பத்தோடு பிள்ளையை அதற்கு அனுப்புகிறோம்? பயோவும் மெத்ஸும் கிடைக்காவிட்டால் கொமர்ஸ், அதுவும் இல்லாவிட்டால்தான் அது. மொரட்டுவையில் இலங்கை–ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்துக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் "மெக்கானிக் வேலைக்கா?" என்று ஒரு உம்மா எங்களிடமே கேட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஓமின் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பித்தவர்கள் நாங்கள்தானே. இந்தத் தவணையிலிருந்து பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான், ஸ்கூல் வானுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் அளக்க வைக்கிறோம். முதல் நாளே ஒரு பிள்ளை 12.1 என்று வாசித்தது. வான் அங்கிள் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து காலையில் வான் வரவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருப்பவர்கள் இதை வாசித்தால், விடுமுறைக்கு முந்திய ஒரு ஞாயிறு அஸருக்குப் பிறகு வாசலில் ஒரு மணி நேரம் தாருங்கள். ஒரு மீற்றர், ஒரு மேசை. ஹயர் வான் ட்ரைவர்மார் வரட்டும், குடும்பக்காரர்கள் வரட்டும். நாங்கள் வருகிறோம். அன்று எங்களை ஏற்றிப்போன ட்ரைவர் நானாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் இப்போது டாஷ்போர்டுக்குள் சொந்தமாக ஒரு மீற்றர் வைத்திருக்கிறார்.

மீற்றர் இருப்பவர்கள் நாளைக் காலையிலேயே அளந்து பாருங்கள். என்ஜின் நின்றபோது ஒரு இலக்கம், ஓடும்போது ஒரு இலக்கம், வண்டி என்ன வண்டி. கீழே எழுதுங்கள். கணித டீச்சர் பதில் போடுவார்.